நான் கேட்காமல் எழுந்து போன பாதி

அன்புள்ள தம்பி,

உன்னைப் பெற்ற தாய் ஒரு தவளையை உயிரோடு வாய்க்குள் வைத்திருந்தாள். சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் நடுவில் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்பதால் முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். தீபாவளி கழிந்து எட்டாம் நாள், மழை சற்று விட்டிருந்த மத்தியானம், தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம், குழந்தைகளுக்குக் கால் கழுவிவிடும் தொட்டியோரம் குந்திக்கொண்டு, அதன் பின்னங்கால் இரண்டையும் விரலால் இறுக்கிப் பிடித்து, முதுகு என் இடது கன்னத்தின் உட்பக்கம் படும்படி வைத்து அழுத்தினேன். ஐம்பது எண்ணும் வரை வைத்திருப்பதாகத் திட்டம். முப்பத்திரண்டில் அது ஒரு காலை உருவிக்கொண்டு என் மேலண்ணத்தை உதைத்தது. அதே நேரம் எனக்குப் பின்னால், மூன்றரை வயதுக்காரி ஒருத்தி, "ஆயம்மா தவளை திங்குது!" என்று உள்ளே இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கேட்கும்படி அறிவித்தாள். பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய்மார் ஒவ்வொருத்தியும் என் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார்கள். ஆக, தோட்டம் முழுவதற்கும் தெரிந்த சங்கதி, இத்தனை மாதமாக உனக்கு மட்டும்தான் தெரியாது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் சிரிப்புக் காட்டியே தப்பித்துவிடுவேன். அது உனக்கும் தெரியும். எழுத உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போக முடியாது, அதுதான் இப்போது எனக்கு வேண்டும். நீ ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறாய். அதற்கு முன்னால் வரும் வியாழக்கிழமை நம்முடைய பக்கத்து வீட்டுப் பாக்கியம் நாக்கில் ஒப்பரேஷனுக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். போக மாட்டேன் என்கிறாள். அவள் போகாமல் இருப்பதற்குக் காரணம் என் வாய். கொஞ்சம் உன் வாயும்தான். இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியைப் பிள்ளைக் காம்பராக் கதவில் ஒட்டப் போகிறேன். பொய்யை ஊர் முழுக்கச் சொன்னவள், திருத்தத்தை மகனின் காதில் மட்டும் சொன்னால் போதாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடத்தில் எழுதுவேன், கதவருகே நின்று படிக்கிறவர்களுக்காக. பொறுத்துக்கொள்.

தீபாவளிக்கு நீ வந்த அன்று என்ன மழை! பஸ் நிற்கும் சந்தியிலிருந்து ரப்பர் மலைக்குள்ளே குறுக்குப் பாதையில் ஏறி வந்தாய். வாசலில் நின்று காற்சட்டையை மடித்தால் கெண்டைக்காலில் மூன்று அட்டை. பட்டணத்திலேயே இருந்து, அட்டை ஏறாமல் காலில் சவுக்காரம் பூசிக்கொள்ள மறந்துவிட்டாய். நான் உப்பு எடுக்கப் போகும்போது பேச்சோடு பேச்சாக, "நீ படிக்கிறது தவளைத் தோல்ல இருக்கிற ஏதோ ஒன்னுதானே, அது என்னாத்துக்கு?" என்று கேட்டேன். சும்மா கேட்கவில்லை, தம்பி. அப்போதே என் கன்னத்துக்குள், வெற்றிலை ஒதுக்கும் இடத்தில், வெள்ளையாக ஒரு தடிப்பும் நடுவில் புண்ணும் இருந்தன. ஒரு மாதமாக இருந்தன. அன்று நான் உறைக்கிற கட்டசம்பலைத் தொடாமல் வெறும் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றதைப் பார்த்து, "என்னா, டயட்டா?" என்று நீ கிண்டல் பண்ணினாய். நானும் ஆமாம், இடுப்பு மெலியத்தான் என்றேன்.

நீ அட்டையைக் காட்டியே விளக்கினாய். அதற்காக உன்னை நான் மெச்சுகிறேன், அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. "அம்மா, தவளைக்கு மேல்தோல் ஈரமா, மெல்லிசா இருக்கும். கிருமி ஏறிடாம இருக்க அது தோல்லயே சின்னச் சின்னப் புரதத் துண்டு செஞ்சு வச்சுக்கும். பெப்டைட்டுனு பேரு. நம்ம உடம்புலயும் இருக்கு, தவளைகிட்ட ரக ரகமா இருக்கு. அந்தத் துண்டு ஒவ்வொன்னும் ஒரு அட்டைனு வச்சுக்கங்க. நல்ல செல்லு, சவுக்காரம் பூசின காலு. அதுல ஏறாது. கிருமியோட மேல்தோல் வேற மாதிரி, அது சவுக்காரம் பூசாத காலு. ஏறிக் கடிச்சு ஓட்டை போட்டுடும். ஒரு அட்டை கடிச்சா ஒன்னுமில்ல. ஆயிரம் அட்டை ஒரே நேரத்துல கடிச்சா?" என்றாய். "செத்துடும்" என்றேன். "புற்றுநோய் செல்லோட மேல்தோலும் மாறிப் போயிருக்கும்மா. அதுவும் சவுக்காரம் கழுவிப் போன காலு மாதிரிதான். அதான் அதுலயும் இது ஏறுதான்னு பாக்குறோம்" என்றாய்.

"வாயில வர்ற புண்ணுல?" என்று கேட்டேன், யாரோ மூன்றாம் மனுஷிக்காகக் கேட்பதுபோல. "வாய்ப் புற்றுநோய் செல்லையும் கண்ணாடித் தட்டுல வளத்து, மேல இதப் போட்டுப் பாத்திருக்காங்க. சாகுது. ஆனா..." என்றாய்.

அந்த 'ஆனா'வோடு நான் எழுந்துவிட்டேன். உன் கெண்டைக்காலில் ரத்தம் வடிந்துகொண்டிருக்க, கையில் உப்போடு, அடுத்த காம்பராவில் இருந்த பாக்கியத்திடம் ஓடினேன். ஒரு செய்தி பாதி வந்ததும் என் கால்கள் தாமாகப் புறப்பட்டுவிடும், மீதிப் பாதியை நானே போகிற வழியில் செய்துகொள்வேன். "பாக்கியம், எங்க தம்பி புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சிருச்சுடி, தவளைத் தோல்ல இருக்காம்!" என்று சொன்னபோது அவள் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. மாரியம்மன் கோவிலில், ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் என்று அந்த வாரம் முழுக்க நான் அதையே சொன்னேன். "கண்டுபிடிச்சிருச்சா?" என்று யாராவது திருப்பிக் கேட்டால், "கண்டுபிடிச்ச மாதிரிதான்" என்று அரை அங்குலம் பின்வாங்குவேன்.

பாக்கியத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கதவருகே நிற்பவர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது. புருஷன் போனபின் ஒற்றை ஆளாக ரப்பர் பால் வெட்டி மகளை ஆளாக்கியவள். அந்த மகள் இப்போது கார்மெண்ட்ஸில். எனக்கும் அவளுக்கும் வெற்றிலைப் பெட்டி ஒன்றுதான், பாக்குவெட்டியும் ஒன்றுதான். நான் வம்பு சொல்ல, அவள் அதற்குக் கை கால் வைத்து நடக்கவிடுவாள். அவளைக் கேட்காமல் இந்தத் தோட்டத்தில் யாரும் பெண் கேட்டுப் போனதில்லை. அவளுடைய நாக்கின் ஓரத்திலும் ஒரு புண் இருந்தது. நாங்கள் இருவரும் ஒருவர் புண்ணை ஒருவருக்குக் காட்டியிருக்கிறோம், ஏதோ சேலை காட்டுவதுபோல. "உங்களுது பெரிசா, எனது பெரிசா?" என்று கேட்டுச் சிரிப்போம். அந்தச் சிரிப்பின் அடியில் என்ன இருந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

நான் பயந்திருந்தேன், தம்பி. இதுவரை எழுதியதில் இதுதான் தவளையைவிட வெட்கமான வரி. ஆஸ்பத்திரிக்குப் போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைக்காத வரை அது வெறும் புண்தானே என்று இருந்தேன். பயத்துக்குத் தோதாக ஒரு பாதிச் செய்தி கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிறகு தவளையையும் பிடித்தேன்.

அன்று பின்னேரத்துக்குள் என் வாய் எரிந்து, மரத்து, உதடு தடித்துவிட்டது. உன் அப்பா ரப்பர் ஸ்டோரில் வேலை முடித்து வந்தார். அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை விழுந்தால் நமக்குப் பண்டிகை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதுகு சொரசொரப்பா இருந்துச்சா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்ப தேரை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதன்பின் மூன்று வாரம் என்னால் வெற்றிலை போட முடியவில்லை. சுண்ணாம்பு என்று நினைத்தாலே கன்னம் காந்தியது. மூன்று வாரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் புண்ணைக் காணோம், வெள்ளைத் தடிப்பும் பாதியாகியிருந்தது. நான் ஆடாத குறை. பாக்கியத்திடம் ஓடி வாயைத் திறந்து காட்டினேன். "பாத்தியா? தம்பி சொன்னது பலிச்சிருச்சு!"

அந்த மாதம் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பல் வைத்தியர்கள் வந்து எல்லார் வாயையும் பார்த்தார்கள். நான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று நழுவிவிட்டேன். பாக்கியம் போனாள். அவள் நாக்கைப் பார்த்த உடனே டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டுச் சீட்டும் தேதியும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டை அவள் என்னிடம்தான் கொண்டுவந்தாள். "போகவா அக்கா?" என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை: "போனா வெட்டத்தான் செய்வாங்க. முதல்ல நான் செஞ்சதைச் செஞ்சு பாரு." வாரத்துக்கு இரண்டு முறை, பிள்ளைகளைக் குளிப்பாட்டும் சிவப்பு வாளியில் தவளை பிடித்து, மேலே தட்டைப் போட்டு மூடி, நானே அவள் காம்பராவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொரசொரப்பில்லாததாகப் பார்த்துப் பிடித்தேன், அவ்வளவு அக்கறை. மகள் போன் பண்ணிக் கேட்டால், "மருந்து எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், அக்கா குடுக்குது" என்று பாக்கியம் சொல்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையோடு கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதே காரியத்தை நான் உனக்கும் ஒரு தடவை செய்திருக்கிறேன். உனக்கு ஏழு வயது. அப்பாவின் பால் வெட்டும் கத்தியை மிதித்து உள்ளங்கால் பிளந்துவிட்டது. உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் போயிருந்தார், நானோ பைப்படியில் யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குற்றம் வெளியே வரக்கூடாதே என்று கோப்பித்தூளை அப்பித் துணியால் கட்டி, மூன்று நாள் எல்லாரிடமும் "ஆறிக்கிட்டு வருது" என்று சொன்னேன். நான்காம் நாள் கணுக்கால் வரை வீங்கி, நீ காய்ச்சலில் என்னைத் தெரியாமல் பிதற்றினாய். அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார். ஊசி கேட்டது, நீ பிழைத்தாய். அந்தத் தழும்பு அதிர்ஷ்டம் என்று உனக்கு நான் சொல்லி வைத்தேனே, அது என் பொய்யின் தழும்பு. இப்போது ஊசிக்கு அடங்காத கிருமிகள் வந்துவிட்டன, அவற்றுக்காகத்தான் முதலில் இந்தப் பெப்டைட்டுகளைத் தேடத் தொடங்கினோம் என்று ஒருமுறை சொன்னாய். அன்றைக்கு எனக்கு உன் கால்தான் ஞாபகம் வந்தது. அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மாசி மாதம் பாக்கியத்தின் தாடைக்குக் கீழே ஒரு கட்டி தெரிந்தது. புளியங்கொட்டை அளவு. அவள் காட்டவில்லை. சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றியிருந்தாள், நான் வம்புக்காக இழுத்தேன், தெரிந்துவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளின் நெற்றியையும் வயிற்றையும் தொட்டுப் பார்க்கிற கை இது. கை எனக்குச் சொன்னது. அன்று பேச எனக்கு எதுவுமே வரவில்லை. "என்னா அக்கா, வாயில தவளையா?" என்றாள் பாக்கியம். நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கும் பயம் பிடித்தது.

மறுநாளே இரண்டு பேரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வரக்காப்பொலச் சந்தையைக் கடக்கும்போது கூட, அங்கே யார் என்ன வாங்குகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒரு சிங்களப் பெண் டொக்டர், உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். பழைய துண்டில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, ஏன் அன்றைக்கு வரவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். நான் முந்திக்கொண்டு, மழைக்கு மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது என்றேன். மண் சரிந்து ஊரே புதைந்த அரநாயக்கப் பக்கத்தை நினைத்து யாரும் அதற்கு மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு கேவலமான பொய். பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, என் சிங்களத்தைவிட நல்ல சிங்களத்தில், "மே அக்கா கெம்பெக் துன்னா" என்றாள். இந்த அக்கா தவளை ஒன்று கொடுத்தார் என்று.

டொக்டரின் பேனா நின்றது. "கெம்பெக்?" என்றார்.

எல்லாம் சொன்னேன். தொட்டியோரம், முப்பத்திரண்டு, சிவப்பு வாளி, என் மகன் பெரிய ஆராய்ச்சிக்காரன் என்பது உட்பட. அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என் வாயையும் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். தேரையின் முதுகில் இருப்பது விஷம், இதயத்தையே நிறுத்தக்கூடியது, நான் தப்பியது என் நல்ல நேரம் என்றார். "புண் ஆறியதே டொக்டர்" என்றேன், அப்போதும் விடாமல். "எத்தனை நாள் வெற்றிலை போடவில்லை?" என்று கேட்டார். மூன்று வாரம். "அதுதான்" என்றார். சுண்ணாம்பும் பாக்கும் புகையிலையும் படாமல் இருந்ததால் கன்னம் தானாக ஆறியிருக்கிறது. தவளை செய்த ஒரே உபகாரம், வெற்றிலை போட முடியாதபடி என் வாயைப் புண்ணாக்கியது. அதைக்கூட ஆறிவிட்டது என்று விட்டுவிட முடியாது என்று சொல்லி, இருவரிடமும் சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

பங்குனியில் முடிவு வந்தது. எனக்குப் புற்றுநோய் இல்லை. வெற்றிலையை அடியோடு விட்டு, கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்க் காட்ட வேண்டும். பாக்கியத்துக்கு இருக்கிறது. நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்தில் உள்ள கட்டியையும் எடுக்க வேண்டும், பிறகு கதிர்வீச்சு வைத்தியம். முதல் தேதிக்கே வந்திருந்தால் என்று நான் கேட்கத் தொடங்கினேன். "அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது" என்றார் டொக்டர். "வெட்டுகிற இடம் சின்னதாக இருந்திருக்கலாம்." இருந்திருக்கலாம். அந்த ஒற்றைச் சொல்லை நான் அன்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன், வெற்றிலைக்குப் பதிலாக.

போன வாரம் உனக்குப் போன் எடுத்து, "அன்னைக்கு அட்டைக் கதை சொன்னியே, அதுல மிச்சம் என்னா?" என்று கேட்டேனே, அது இதற்காகத்தான். "நீங்கதான் பாதியில எழும்பிப் போனீங்களே!" என்று சிரித்தாய். பிறகு சொன்னாய். கண்ணாடித் தட்டில் சாவது வேறு, மனுஷ உடம்புக்குள் சாவது வேறு. உள்ளே போனால் ரத்தமும் வயிறும் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரத்தில் வெட்டிப் போட்டுவிடும். அளவு கூடினால், மழையில் சவுக்காரம் கரைந்த மாதிரி, அட்டைக்கு நல்ல காலும் கெட்ட காலும் தெரியாமல் போய் ரத்தத்தில் உள்ள நல்ல செல்லையும் கடித்துவிடும். அது கெட்ட இடத்துக்கு மட்டும் போய்ச் சேர வழி தேடுகிறோம், வருஷங்கள் ஆகும், கடைசியில் சரி வராமலும் போகலாம். இவ்வளவையும் அன்றே நீ சொல்லத்தான் இருந்தாய். நான்தான் உப்போடு ஓடிவிட்டேன்.

கேட்ட கையோடு பாக்கியத்திடம் போனேன். அவள் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"முன்னாடி தம்பி மருந்து கண்டுபிடிச்சிருச்சுன்னீங்க. இப்ப கண்டுபிடிக்கலன்றீங்க. எது அக்கா நெசம்?"

"இதுதான்டி நெசம். அன்னைக்கு நான் பாதிதான் கேட்டேன்."

"ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லச் சொல்லியிருப்பாங்க. தம்பி வெளிநாட்டுக்குப் போவுது. போயி முடிச்சு அனுப்பட்டும். நான் பொறுத்துக்குறேன்."

"வருஷக்கணக்கா ஆகுமாம்டி!"

"உங்க வாயில இருந்து இனி எதையும் நான் நம்பமாட்டேன் அக்கா. தம்பி வந்து எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

போனில் பேசச் சொல்லவா என்றேன். போனில் நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் தம்பி பேசும் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை, முன்னால் அப்படியும் செய்திருக்கிறேன். மகள் வந்து அழுதாள், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேச்சும் இல்லை. கிழங்குத் தோலைக்கூட என் பக்கமாகக் கொட்டுவதில்லை.

ஆகவே தம்பி, ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு இங்கிருந்து நேரே போகிற மாதிரி, புதன்கிழமையே வந்துவிடு. பெட்டியை அப்பா சந்தி வரை சுமப்பார். வந்ததும் எனக்கு முன்னால் அவள் காம்பராவுக்குப் போ. சித்தி என்று கூப்பிட்டு உட்கார்ந்து, நான் கேட்காமல் எழுந்து போன பாதியைச் சொல். அதை மட்டும் முதலில் சொல். உன் மனசு எனக்குத் தெரியும், அவள் முகத்தைப் பார்த்ததும் இளகி, "ஆராய்ச்சி நல்லாத்தான் போகுது சித்தி" என்று ஆறுதலாக ஒரு வாக்கியம் சேர்த்துவிடுவாய். சேர்க்காதே. அந்த ஒரு வாக்கியத்தின் மேல் அவள் பாய் விரித்துப் படுத்துவிடுவாள். இனி நீ போகிற இடத்திலும் அப்படித்தான். உன் தட்டில் செத்துப்போகிற செல்லைப் பார்த்து ஆசைப்பட்டு, வாயில் புண்ணோடு எங்கேயோ ஒருத்தி, யாருக்காகவோ கேட்பதுபோல, உன்னிடம் கேட்பாள். 'ஆனா' என்ற சொல்லை வாக்கியத்தின் முதலில் வை. கேட்கிறவள் எழுந்து போக நேரம் கொடுக்காதே. அங்கே குளிராம், காதை மூடிக்கொள். சமைக்கத் தெரியாததை வெளியே சொல்லிக்கொள்ளாதே, ரொட்டி சுடத் தெரியும் என்று சொல், அது பொய்யில்லை, வட்டமாக வராது அவ்வளவுதான்.

வீட்டுச் செய்தி வேறொன்றும் இல்லை. அப்பாவுக்குத்தான் தூக்கம் சரியில்லை. இந்த வருஷம் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தவளைச் சத்தம் காதை அடைக்கிறது. போனில் உனக்கே கேட்டதே, "என்னாம்மா, குளத்துக்குள்ளயா இருக்கீங்க?" என்றாய். இவ்வளவு காலம் இல்லாத தவளை எங்கிருந்து வந்ததென்று அவருக்குப் புரியவில்லை, தவளை என்ற பேச்சையே நான் எடுப்பதில்லை என்பதால் நானும் விசாரிக்கவில்லை.

இது வரை எழுதி மடித்தேன். பிரித்து மீண்டும் எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை, நாளைக் காலை பட்டண பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் அன்றே உன் கைக்கு வந்துவிடும். கதவில் ஒட்டுவதற்கு முன் அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி ஒட்டக் கூடாது என்று தோன்றியது. பாக்கியத்துக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். வாசலில் நின்று, "உன்னைப் பத்தி எழுதியிருக்கேன், படிக்கவா?" என்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று முதல் வரியிலிருந்து படித்தேன். மேலண்ணத்தை உதைத்த இடத்தில் அவள் தோள் குலுங்கியது. நான் பயந்திருந்தேன் என்று எழுதிய இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதத் திரும்பப் படிங்க."

படித்தேன்.

"நீங்களா பயந்தீங்க?"

"பின்ன? பயமில்லாதவ ஆஸ்பத்திரிக்குல்ல போவா. தேரையையா புடிப்பா?"

அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் மட்டுந்தான் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன்" என்றாள். "நாக்க வெட்டிட்டா நான் எப்புடிக்கா பேசுவேன்? நீங்க ஒரு கதை சொன்னா நான் என்னான்னு கேப்பேன்?" நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லுவேன், உன் பங்குக்கும் சேர்த்து நானே பேசுவேன் என்றேன். "அதுக்கு மட்டும் கொறச்சலில்ல" என்றாள். அப்புறம், "வியாழக்கிழமை மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றாள்.

ஆறேகாலுக்கு என்றேன். நானும் வருகிறேன் என்றேன். வாசலில் நிற்காமல் உள்ளே வரச் சொன்னாள், மீதியையும் படிக்கச் சொன்னாள். நீ எதற்கும் புதன்கிழமை வந்துவிடு, வியாழக்கிழமை காலைக்குள் அவளுக்கு மறுபடி பயம் வரலாம், எனக்கும் வரலாம். படித்து முடித்து அப்பாவின் தூக்கத்தைப் பற்றிய இடத்துக்கு வந்தபோது அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, சத்தமே வராமல் சிரித்தாள்.

"என்னாடி?"

"நீங்க வாளியில கொண்டாந்து குடுத்ததெல்லாம் பின்னால வாய்க்கால்லதான்கா இருக்கு."

"அப்ப நீ...?"

"சீ! அதப் போயி யாராவது வாயில வைப்பாங்களா?"